வடக்கே போன கடற்கரை

பஸ் மரக்காணம் உப்பளத்தைத் தாண்டியதும், எனக்கு முன் சீட்டில் இருந்த மீன்காரம்மா பக்கத்துச் சீட்டுக்காரியிடம் சொன்னாள்: "எங்க ஊரு கடற்கரை வடக்க போயிடுச்சு."

"கடற்கரை எங்கனா போவுமா?"

"மணலை அலை வடக்க தள்ளிக்கினே இருக்கும். தெக்க ஊர்லேர்ந்து வர்ற மணல்லதான் எங்க கரை நின்னுச்சு. இப்ப அவங்க கடல்ல கல்லு கொட்டிட்டாங்க, மணல் அங்கியே மாட்டிக்குது. எங்க தெருவை அலை தின்னுது."

"நீங்களும் கல்லு கேளுங்க."

"அதுக்குத்தான் மறியலுக்குப் போறேன்." எழுந்தாள். ஸ்டாப் வரவில்லை. மறுபடி உட்கார்ந்தாள்.

"கொட்டிட்டா சரியாயிடும் இல்ல?"

"எங்களுக்கு சரியாயிடும். வடக்கால அடுத்த ஊருக்கு மணல் போவாது."

"அது எந்த ஊரு?"

"எம் பொண்ணைக் கட்டிக் குடுத்த ஊரு."