ஆறாம் பக்கத்திலிருந்து இரண்டாம் பக்கத்துக்கு

இசைத்தாளில் பக்கம் புரட்டுகிறவர்கள் வளையல் போடக் கூடாது. சத்தம் கேட்கும். வாசனைத் தைலமும் கூடாது, வாசிப்பவருக்குத் தும்மல் வந்துவிடும். இருப்பதே தெரியாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். எனக்கு அது சின்ன வயதிலிருந்தே நன்றாக வரும். அதனால்தான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட என்னைப் பெரியப்பா தன் பியானோவுக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார். ஆறு வருடமாக அதுதான் என் வேலை.

நீங்கள் கேட்பது அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி. ஆனால் சொனாட்டா என்கிற அந்தப் பியானோ உருப்படியிலிருந்து ஆரம்பித்தால்தான் உங்களுக்குப் புரியும், ஐயா.

அது ஒன்பது பக்கம், பன்னிரண்டு நிமிடம். அவ்வளவு அழகான ஒன்றை நான் கேட்டதில்லை. ஆனால் அரங்கக் கமிட்டியின் பட்டியலில் அது எப்போதும் முதல் உருப்படி. அதாவது, ஜனங்கள் இருமிக்கொண்டும் நாற்காலி எண் தேடிக்கொண்டும் இருக்கும்போது வாசிப்பது. அரை மணி நேரத்துக்கு மேல் போகும் சொனாட்டாவைத்தான் இடைவேளைக்குப் பிறகு முக்கிய உருப்படியாக வைப்பார்கள். இந்த வருடம் இதைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிடலாம் என்று பேச்சு வந்தது. கமிட்டித் தலைவி பல் மருத்துவர். "கொட்டாவி விட்டு முடிக்கிறதுக்குள்ள இது முடிஞ்சிடுது. இதை வச்சுக்கிட்டு என்ன சார் பண்றது?" என்று பெரியப்பாவிடம் கேட்டார். கடைசியாக ஒருமுறை இடைவேளைக்குப் பிறகு வாசிக்கட்டும், கேட்டுவிட்டு முடிவு செய்யலாம் என்றார்கள்.

நீளம்தான் குறை என்றால், அது தீர்க்கக்கூடிய குறை.

ஆறாம் பக்கத்தின் கடைசி வரியும் இரண்டாம் பக்கத்தின் முதல் வரியும் தையல் தெரியாமல் ஒட்டும். வீட்டில் மூன்று முறை செய்து பார்த்தேன். பெரியப்பா காகிதத்தில் இருப்பதைத்தான் வாசிப்பார். நாற்பது வருடத்தில் ஒரு வரிகூட மனப்பாடமாக வாசித்தது கிடையாது. அதில் அவருக்குப் பெருமை. மூன்றாம் முறை முடிந்ததும் விரல்களை உதறிவிட்டு, "இன்னிக்கு என்னமோ நீளமா இருக்கே" என்றார். பெரியம்மா சமையலறையிலிருந்து, "வயசாகுதுல்ல, வேகம் குறைஞ்சு போச்சு" என்றார். அதோடு பேச்சு முடிந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மூன்றரை மணிக்கு வாசிக்க ஆரம்பித்தார். ஆறாம் பக்கம் முடிந்ததும் இரண்டாம் பக்கத்துக்குப் புரட்டினேன். முப்பத்தைந்து நிமிடத்தில் நிறுத்திக்கொள்ளத்தான் நினைத்திருந்தேன். ஆனால் அரங்கத்தைப் பார்த்தேன். ஒருவர்கூட இருமவில்லை. அது எங்கே முடியும் என்று அங்கே யாருக்கும் தெரியாது. தெரியாது என்று காட்டிக்கொள்ளவும் யாருக்கும் மனமில்லை. தலைவி கண்ணை மூடித் தலையாட்டிக்கொண்டிருந்தார். முன்வரிசையில் ஒருவர், ஏழாவது சுற்றில், புதிதாக ஏதோ பிடிபட்டதுபோல் மனைவியின் தோளைத் தட்டினார்.

பெரியப்பாவுக்கு எப்போதோ தெரிந்துவிட்டது. ஆனால் நடுவில் நிறுத்தினால் கிழவருக்குத் தடுமாறிவிட்டது என்பார்கள். அதைவிட வாசிப்பதே அவருக்குச் சுலபம்.

இரண்டு மணி நேரத்தில் அவர் சட்டைக் காலர் நனைந்துவிட்டது. இதயம் பலவீனம். வாசித்து முடித்ததும் கொடு என்று பெரியம்மா மாத்திரையை என்னிடம்தான் தந்திருந்தார். வாசிப்புதான் முடியவில்லையே.

"ஏழாம் பக்கம் எடும்மா" என்றார் மெதுவாக. நான் இரண்டாம் பக்கத்தை எடுத்தேன்.

அடுத்த சுற்றில், "தங்கம், ஏழு" என்றார். என்னை அவர் அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. நான் இரண்டை எடுத்தேன்.

ஆறரை மணிக்கு, நான்காம் பக்கத்தில், அவர் நெற்றி பியானோக் கட்டைகள்மேல் சாய்ந்தது. பெரிய ஓசை. அதுதான் முடிவு என்று எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். பதினோரு நிமிடம். நான் வழக்கப்படி இரண்டடி பின்னால் நகர்ந்து நின்றேன். கைதட்டல் வாசிப்பவருக்குத்தான் சேரும்.

கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். சொனாட்டா இப்போது எல்லா அரங்கங்களிலும் முக்கிய உருப்படி. பெரியப்பா வாசித்தபடியே மூன்று மணி நேரம் வாசிக்கிறார்கள். கடைசியில் நெற்றியைக் கட்டைகள்மேல் வைத்து முடிக்கிறார்கள். அதனால் கடைசி மூன்று பக்கங்களை யாருமே வாசிப்பதில்லை. இருப்பதிலேயே அழகான பக்கங்கள் அவைதான். தவறு என்று ஏதாவது செய்திருந்தேன் என்றால், அது ஒன்றுதான்.