டிராயிங் ஹாலில் முதல் பந்தி

செங்கோடன்: …அதான் மேடம், மேப்பு கோளாறுன்னுதான் நானும் நெனச்சேன். பழனாத்தாள் மஹால்னு போட்டா, அது நேரா நம்ம காலேஜ் கேட்டுக்குள்ள கொண்டாந்து உட்டுருச்சு. டிரைவரைப் புடிச்சுத் திட்டிப்போட்டேன். அவன், “ஐயா, வாழை மரம் கட்டியிருக்குதுங்க”ங்கறான்.

ரங்கநாயகி: சார், மொதல்ல உக்காருங்க. எலை போட்டாச்சு.

செங்கோடன்: எலை கெடக்கட்டும். நான் சேர்மனா இருக்கற இஞ்ஜினியரிங் காலேஜு இது. நீங்க இதுக்குப் பிரின்சிபால். நம்ம ஆடிட்டோரியத்துல ஒரு பொண்ணும் மாப்பிள்ளையும் மாலையோட நிக்கறாங்க. இது என்னதுங்க?

ரங்கநாயகி: கல்யாணமுங்க.

செங்கோடன்: அது தெரியுதுங்க!

ரங்கநாயகி: மெதுவா, மெதுவா… பக்கத்து வரிசைல மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க. பந்தியில சண்டைன்னு நெனச்சுக்குவாங்க. உக்காருங்க சார்.

செங்கோடன்: சரி, உக்காந்துட்டேன். இந்த டேபிளு… எங்கியோ பார்த்தாப்ல இருக்குதே?

ரங்கநாயகி: ஃபர்ஸ்ட் இயர் பசங்க படம் வரையற டேபிளுங்க. இது டிராயிங் ஹாலு. பலகையைச் சாய்க்காம மட்டமா வெச்சா, பாயாசம் கூட எலையைத் தாண்டி ஓடறதில்லை.

செங்கோடன்: அடக் கெரகமே! பொண்ணு ரூமு எது?

ரங்கநாயகி: கொஸ்டின் பேப்பர் வெக்கற எக்ஸாம் செல் ரூமுங்க. அந்தப் பூட்டு நல்ல பூட்டு. நகை வெக்கப் பயமில்லை.

செங்கோடன்: மாப்பிள்ளை ரூமு?

ரங்கநாயகி: என்னோட ரூமுங்க. இந்தக் காலேஜ்ல ஏசி ஓடறது அங்க ஒண்ணுதான்.

செங்கோடன்: அக்கட்ட சாம்பார் வாளியோட வர்றது ஆருங்க? தெர்மோடைனமிக்ஸ் பாடம் எடுக்கற ஹர்ஷா இல்லீங்களா?

ரங்கநாயகி: அவருதானுங்க. ஹர்ஷா சார், இக்கட்ட வாங்க, சேர்மனுக்கு ஊத்துங்க… ஆ, போதும்.

செங்கோடன்: ரேங்க் வாங்குனவருன்னுதானே அவரைத் தேடிப் புடிச்சுச் சேர்த்தோம்?

ரங்கநாயகி: ரேங்கு கையிலயே தெரியுதுங்களே. ஒரு சொட்டு கீழ சிந்துச்சா பாருங்க.

செங்கோடன்: வாசல்ல எம் பையன் வாங்கிப்போட்ட ரோபோ நிக்குது. அது எம் மேல பன்னீர் தெளிக்குதுங்க!

ரங்கநாயகி: மிதுன் தம்பி அதை ரிசப்ஷனுக்குன்னு வாங்குனாரு. ரிசப்ஷனுக்குத்தான் ஆவுது. ஆனா வாயை மட்டும் மூட முடியலீங்க. “வருங்கால இஞ்ஜினியரே, வருக”ன்னு மாப்பிள்ளையோட தாய்மாமன்கிட்டச் சொல்லிருச்சு. அவருக்கு வயசு எழுவது. ஒரே சந்தோசம்.

செங்கோடன்: சிரிக்காதீங்க. நான் கோவமா இருக்கறேன்.

ரங்கநாயகி: கோவப்படுங்க சார். அதுக்கு முன்னால எலையில இருக்கற ஒப்புட்டுப் போளியைச் சாப்புட்டுருங்க. ஆறுனா நல்லா இருக்காது.

செங்கோடன்: …நல்லாத்தான் இருக்குது. ஆருங்க சமையல்?

ரங்கநாயகி: நம்ம ஹாஸ்டல் சமையல்காரரேதானுங்க.

செங்கோடன்: ஹாஸ்டல்ல ஒருநாளும் இப்படிப் போட்டதில்லையே அந்தாளு!

ரங்கநாயகி: ஹாஸ்டல்ல நெய்யி வாங்கிக் குடுத்தமுங்களா?

செங்கோடன்: எத்தனை நாளா இந்தக் கூத்து நடக்குது?

ரங்கநாயகி: ஒரு வருசமா. மொதல்ல நம்ம காலேஜ் பஸ் டிரைவரு புள்ளை கல்யாணத்துக்குச் சும்மாதான் குடுத்தோம். சாப்புட வந்தவங்க, வாடகை எவ்வளவுன்னு கேட்டாங்க. நான் ஏதோ வாய்க்கு வந்ததைச் சொன்னேன். சரின்னுட்டாங்க. இன்னும் ஏத்திச் சொல்லியிருக்கலாமோன்னு அன்னைக்குப் பூராவும் மனசு கெடந்து அடிச்சுக்குச்சு.

செங்கோடன்: எங்கிட்ட ஒரு வார்த்தை…

ரங்கநாயகி: உங்ககிட்டயா? நீங்க கடைசியா இங்க வந்தது போன வருசம் காலேஜ் டேக்கு. அன்னைக்கு ஸ்டாஃப் எல்லாம் வாசல்லயே மறிச்சு நின்னுட்டாங்க, சம்பளம் எப்பன்னு. அதோட சரி. பிரஷருன்னு சொல்லிக் கணபதியில இருக்கற உங்க பம்ப்செட் கம்பெனியிலயே உக்காந்துட்டீங்க.

செங்கோடன்: பிரஷரு நெசமாலுமே இருக்குதுங்க.

ரங்கநாயகி: இருக்கட்டுமுங்க. போன் பண்ணா, “மேடம், நீங்களே பாத்துக்குங்க”ன்னு வெச்சுருவீங்க. அதான் பாத்துக்கிட்டேன்.

செங்கோடன்: அப்பறம் ஆருமே சம்பளம் கேட்டுப் போன் பண்ணலையேன்னு நானும் யோசிச்சேன். சரி, பழகிட்டாங்களாட்ட இருக்குதுன்னு உட்டுட்டேன்.

ரங்கநாயகி: பழகறதுக்கு அது என்ன மூக்குக் கண்ணாடிங்களா? எல்லாருக்கும் ஒண்ணாம் தேதியானா போட்டுட்டு வர்றோம் சார். இந்தச் சோத்துப் பணத்துலதான்.

செங்கோடன்: …ஃபீஸு?

ரங்கநாயகி: ஃபீஸு வந்து சேர்றதுக்குள்ள பசங்களே பாஸாகிப் போயிர்றாங்க. பாதி சீட்டு காலி. நிக்கற பஸ்ஸுக்கும் இன்சூரன்ஸ் கட்டறோம். நீங்களோ லேப் வாங்கற காசுல வாசலுக்கு ஆர்ச்சு கட்டுனீங்க.

செங்கோடன்: ஆர்ச்சைச் சொல்லாதீங்க. அது காலேஜுக்கு ஒரு கௌரவம்.

ரங்கநாயகி: கொறையே சொல்லலீங்க. இங்க கல்யாணம் வெக்கறவங்க மொதல்ல கேக்கறதே அந்த ஆர்ச்சைத்தான். நீங்க கட்டுனதுல உருப்புடியா வேலைக்காகறது அது ஒண்ணுதான்.

செங்கோடன்: முகூர்த்தம் வார நாள்ல வந்துச்சுன்னா பசங்க?

ரங்கநாயகி: இண்டஸ்ட்ரியல் விசிட்டுங்க.

செங்கோடன்: எங்க?

ரங்கநாயகி: சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நம்ம பஸ்ஸுல போவாங்க. அங்கிருந்து அவங்கவங்க ஊட்டுக்குப் போயிக்குவாங்க.

செங்கோடன்: நெசமாவா!

ரங்கநாயகி: ஞாயித்துக்கெழமை கிளாஸ் வெச்சு ஈடு கட்டிர்றோம் சார். பாடத்துல மட்டும் கை வெக்கலை. அது உங்க மேல சத்தியம்.

செங்கோடன்: எம் மேல எதுக்குங்க? மண்டபத்துக்கே எங்கம்மா பேரை வெச்சுப்போட்டீங்க. கல்யாணப் பத்திரிகைல பாத்துட்டு, அட, நம்மம்மா பேராட்டவே இருக்குதேன்னு எத்தனை ஆசையா வந்தேன் தெரியுங்களா?

ரங்கநாயகி: எப்பவாவது தெரிஞ்சா, அம்மா பேரைப் பாத்துட்டுத் திட்ட மாட்டீங்கன்னுதான் வெச்சது.

செங்கோடன்: திட்டறதுக்கு வாயைத் தொறந்தா ஒப்புட்டை வெக்கறீங்க…

பொங்கியண்ணன்: வாங்க, வாங்க! மேடம், சேர்மனுக்கு இன்னொரு ஒப்புட்டு வெக்கச் சொல்லுங்க. எம் பொண்ணு அக்ஷிதா கல்யாணம், வயிறு நெறயாம ஒருத்தரும் போகக் கூடாது. என்னுங்க, எடமெல்லாம் சௌகரியந்தானே?

செங்கோடன்: எங்கிட்டயேவா கேக்கறீங்க பொங்கியண்ணா…

பொங்கியண்ணன்: ஹஹ்ஹா… அதுவுஞ் செரிதான். ஏனுங்க மேடம், பின்னாடி ஒரு பெரிய ஷெட்டு கெடக்குதே, அதென்னது?

ரங்கநாயகி: ஒர்க்‌ஷாப்புங்க. லேத்து மிஷினெல்லாம் இருக்குது.

பொங்கியண்ணன்: அதுகளை எடைக்குப் போட்டா, அங்கியே இன்னொரு பந்தி போடலாமே?

ரங்கநாயகி: அது பசங்க வேலை பழகற எடமுங்க…

பொங்கியண்ணன்: அட, ஒரு பேச்சுக்குச் சொன்னேன் அம்மணி. செங்கோடண்ணா, மேடத்துகிட்டச் சொல்லிட்டீங்களா?

செங்கோடன்: சோறு உங்கறமுங்க! நீங்க போய் மாப்பிள்ளை ஊட்டுக்காரங்களைக் கவனிங்க.

பொங்கியண்ணன்: செரி, செரி. பொறவு பேசிக்கலாம். நல்லாச் சாப்புடுங்க.

ரங்கநாயகி: என்னத்தைச் சொல்லலையான்னு கேக்கறாரு?

செங்கோடன்: ஒண்ணுமில்லீங்க… மாப்பிள்ளைக்குக் கொடுமுடின்னு…

ரங்கநாயகி: அதைச் சொல்றதுக்கு நீங்க எதுக்கு? ரோட்டுல பேனரே இருக்குதே.

செங்கோடன்: ரசம் வருதா பாருங்க.

ரங்கநாயகி: வரும். அதுக்குள்ள எனக்கு ஒரு வேலை ஆகணும். நீங்க வருவீங்கன்னு பத்திரிகை குடுக்கறப்பவே பொங்கியண்ணன் சொன்னாரு. அதுக்காவத்தான் காலைல இருந்து வாசலைப் பாத்துட்டு நிக்கறேன். அடுத்த வருசம் புதுசா பசங்களைச் சேர்க்க அப்ரூவல் வாங்கணும். டிரஸ்ட் சார்புல உங்க கையெழுத்து வேணும். இன்னைக்குச் சாயங்காலத்தோட கடைசி.

செங்கோடன்: கட்டணம்?

ரங்கநாயகி: மூணு கல்யாணத்து வாடகை சார். கட்டியாச்சு. கையெழுத்து மட்டுந்தான் பாக்கி. அது இல்லைன்னா வர்ற வருசம் ஃபர்ஸ்ட் இயரே இல்லை. அப்பறம் ஒவ்வொரு வருசமா கொறைஞ்சு, காலேஜே இல்லாமப் போயிரும்.

செங்கோடன்: கையெல்லாம் சோறுங்க.

ரங்கநாயகி: கழுவிட்டுப் போடுங்க. எனக்கொண்ணும் அவசரமில்லை.

செங்கோடன்: இந்த வருசம் எத்தனை பேருங்க சேருவாங்க? நம்மளை நம்பி ஆரு வர்றா?

ரங்கநாயகி: வருவாங்க. போன வாரங்கூட மொய் எழுத வந்த ஒருத்தரு, மௌனிகாகிட்ட, “இங்க காலேஜும் நடக்குதுங்களா”ன்னு கேட்டிருக்காரு. மௌனிகா அக்கவுண்ட்ஸ் பாக்கற புள்ளைதான், ஆனா கெட்டிக்காரி. மொய் எழுதற கையோட அட்மிஷனும் பேசிட்டா. அவரு பொண்ணு லோகப்பிரியாவை நம்ம காலேஜ்லயே சேர்க்கறாரு.

செங்கோடன்: அட!

ரங்கநாயகி: சார், எனக்கு வெக்கமா இல்லைன்னு நெனக்காதீங்க. ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் எடுத்தவ, இப்ப அப்பளம் பத்துமான்னு எண்ணிட்டு நிக்கறேன். மொத கல்யாணத்தன்னைக்கு ரூமுக்குள்ள போயி அழுதேன். ஆனா அந்த மாசம் லேப்ல இருக்கற கீதா வந்து, “பையனுக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்டிட்டேனுங்க மேடம்”னா பாருங்க… அதுக்கப்பறம் நான் அழுகவே இல்லை. இன்னும் ஒரு வருசம் குடுங்க. ஒரே ஒரு வருசம். தூக்கி நிறுத்திர்றேன்… ஏனுங்க சார், சாப்புடாம இருக்கறீங்க?

செங்கோடன்: மேடம்… அந்தக் காயிதத்துல நான் கையெழுத்துப் போட்டாலும் செல்லாதுங்க.

ரங்கநாயகி: ஏனுங்க?

செங்கோடன்: போன வாரமே வேற காயிதத்துல போட்டுட்டேன். காலேஜ் நடத்தற டிரஸ்டையே மாத்திக் குடுத்துட்டேன். அவருக்குத்தான்… பொங்கியண்ணனுக்கு.

ரங்கநாயகி: இப்ப வந்துட்டுப் போனவருக்கா?

செங்கோடன்: பம்ப்செட்டுல வர்றதை எல்லாம் இது முழுங்கிருச்சுங்க. என்னால முடியலை. அரிசி மில்லு வெச்சிருக்கறவரு, நாலு புள்ளைகளைப் படிக்க வெக்க ஆசைப்படறாருன்னு நெனச்சேன். கம்பெனிக்கு வந்தவரு லேபைப் பத்திக் கேக்கலை, லைப்ரரியைப் பத்திக் கேக்கலை. காரு எத்தனை நிக்கும், தண்ணி எவ்வளவு வரும்னு கேட்டாரு. அப்ப எனக்கு மண்டைல ஏறலை. இன்னைக்கு வாழை மரத்தைப் பாத்தப்பறந்தான் ஏறுச்சு.

ரங்கநாயகி: அப்ப… காலேஜு?

செங்கோடன்: இப்ப வாசல்ல பாத்தப்பத்தான் சொன்னாருங்க, இருக்கற பசங்க முடிக்கற வரைக்கும் மேல் மாடியில நடத்திக்கலாமுங்களாம். மேளம் அடிக்கறப்ப மட்டும் ஜன்னலைச் சாத்திக்கோணுமாம்.

ரங்கநாயகி: போன மாசம் அவருக்கு எடத்தைச் சுத்திக் காட்டுனதே நான்தான் சார். டேப்பை வெச்சு ஒவ்வொரு ரூமா அளந்தாரு. பொண்ணு கல்யாணத்துக்கு இத்தனை அளக்கோணுமான்னு நெனச்சேன்… நெனச்சுட்டே, டேப்போட இன்னொரு முனையை நாந்தான் புடிச்சேன்.

செங்கோடன்: உங்களைச் சொல்லி என்னங்க? வித்தவன் நான்.

ரங்கநாயகி: விக்கற மாதிரி ஆக்கிக் குடுத்தவ நான்.

செங்கோடன்: இன்னொண்ணும் இருக்குது… கோவிச்சுக்காதீங்க. வாசல்ல அவரு போட்ட கண்டிசனே ஒண்ணுதான். உங்களை உட மாட்டாராம். மண்டபத்துக்கு மேனேஜரா நீங்கதான் வேணுமாம். அவங்க டாக்டரேட் பண்ணவங்கன்னு சொன்னேன்.

ரங்கநாயகி: அதுக்கு?

செங்கோடன்: “பரவால்லீங்க, அது ஒண்ணும் தொந்தரவில்லை”ன்னாரு… சிரிக்கறீங்களா, அழுகறீங்களா? திட்டறதுன்னா திட்டிப்போடுங்க மேடம்.

ரங்கநாயகி: திட்டலீங்க. அவருகிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டுச் சொல்லுங்க. மேனேஜருக்கு மாசாமாசம் சம்பளம் வருங்களா?

செங்கோடன்: வராம என்னங்க? இங்கயுந்தான் ஒண்ணாம் தேதியானா எல்லாருக்கும் போட்டுட்டு வர்றமுன்னீங்களே?

ரங்கநாயகி: எல்லாருக்கும் போட்டேன் சார்… எனக்கு எடுக்கறதுக்குத்தான் ஒருநாளும் மிச்சம் நிக்கலை. ஒரு வருசமா முகூர்த்த நாளானா எங்க ஊட்டுல அடுப்பே பத்த வெக்கறதில்லீங்க. இந்தச் சோத்தைத்தான் கேரியர்ல போட்டுக் கொண்டுபோறேன்.