விரிசல் தெரியாத குமிழ்

பிளாஸ்டிக்கை ஒட்டுவதற்குக் கடையில் விற்கிற பசை எதுவும் லாயக்கில்லை, சார். உடைந்த சீப்பைப் பொடித்துத் தின்னரில் ஒரு நாள் ஊறப்போட்டால் கூழாகிவிடும். அதை விரிசலுக்குள் தடவி, நூலால் இறுக்கிக் கட்டி, தொடாமல் வைத்துவிட வேண்டும். உங்கள் மேஜைமேல் இருக்கிற அந்த ரேடியோக் குமிழை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். விரிசல் எங்கே என்று கண்டுபிடித்துவிட்டால் நான் இந்தத் தொழிலையே விட்டுவிடுகிறேன்.

அறுபத்தேழில் தேரடி வீதியில் ரிப்பேர் கடை போட்டேன். பதினோரு வருஷம் ஆகிறது. கடைக்கு இடம் பிடித்துக் கொடுத்தது அண்ணன் விருசபதாசன். அப்பா போனபின் என்னை வளர்த்ததும் அவர்தான். நாங்கள் ஜைனர்கள், பொழுது சாய்ந்தால் சாப்பிட மாட்டோம், தண்ணீரை வடிகட்டாமல் குடிக்க மாட்டோம். அண்ணன் பேச்சுக்கு நான் ஒரு நாளும் மறுபேச்சுப் பேசியதில்லை. யாரை வேண்டுமானாலும் விசாரியுங்கள்.

போன மாசம் அண்ணன் வந்தவாசிப் பக்கம் போய், ஜெயந்திமாலா என்று ஒரு பெண்ணைப் பார்த்து, எனக்கு நிச்சயம் செய்துவிட்டு வந்தார். தை பிறந்ததும் முகூர்த்தம்.

"பொண்ணு தங்கம்டா தம்பி. உனக்கு சம்மதந்தானே?" என்றார்.

"உங்க இஷ்டங்கண்ணா" என்றேன்.

கீழ்பென்னாத்தூரில் எனக்குச் சரோஜா என்று ஒருத்தி இருப்பது அண்ணனுக்குத் தெரியாது. எனக்காகக் கறி மீனை விட்டு அவளுக்கு மூன்று வருஷம் ஆகிறது, பாவம். அவளைக் கைவிட எனக்கு மனசு வரவில்லை. பத்திரிகை வேறு அச்சாகி வந்துவிட்டது. எங்கள் வீட்டில் ஒரு சாவு விழுந்தால் ஒரு வருஷத்துக்கு நல்ல காரியம் கிடையாது. ஒரு வருஷம் கிடைத்தால் போதும், நிதானமாக ஏதாவது வழி பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றியது.

அந்தச் சமயத்தில்தான் அண்ணன் குமிழோடு கடைக்கு வந்தார். "ரேடியோ நாப் வெடிச்சிப் போச்சுடா. கல்யாண வீடு, நாலு பேர் வந்து போவாங்க. ஒட்டிக் குடுத்துடு."

அந்த மாதிரிப் பழைய ரேடியோக்களில், குமிழ் மாட்டுகிற இரும்புத் தண்டிலேயே கரண்ட் வரும். குமிழைத் தண்டோடு பிடிக்கிற திருகாணி விரலில் பட்டுவிடாமல் அதன்மேல் மெழுகு விட்டு மூடுவோம். ஒட்டினதில் நான் ஒரு குறையும் வைக்கவில்லை. மெழுகை மட்டும் விடவில்லை. திருகாணியும் கொஞ்சம் நீளமாகப் போட்டேன்.

அந்த ரேடியோவை வீட்டில் அண்ணன் ஒருவர்தான் தொடுவார். குளித்துவிட்டு, தலையைக்கூடத் துவட்டாமல், பூசைக்கு உடுத்திய ஈர வேட்டியோடு வந்து ஏழேகால் செய்தி கேட்பார். எத்தனையோ வருஷப் பழக்கம்.

வெள்ளிக்கிழமையும் அப்படித்தான் வந்தார். "ஈரக் கையா இருக்குதுடா, நீ போடேன்" என்றார்.

"புதுசா ஒட்டினதுங்கண்ணா. நீங்களே திருப்பிப் பாருங்க, எப்படி இருக்குதுன்னு."

அண்ணன் சிரித்தார். "கைராசிக்காரன்டா நீ" என்று சொல்லிக்கொண்டே திருப்பினார்.

சத்தம் கேட்டு அண்ணி கனகமாலா சமையற்கட்டிலிருந்து ஓடிவந்து அவரைப் பிடிக்கப் போனார்கள். நான்தான் அண்ணியின் இரண்டு கையையும் பிடித்து நிறுத்தினேன். தொட்டிருந்தால் அவர்களும் போயிருப்பார்கள். "ஐயோ, சுவிட்ச அணைடா தம்பி" என்று கத்தினார்கள். அவர்கள் கையை விட்டுவிட்டு நான் எப்படிப் போய் அணைப்பது? அண்ணன் கை தானாக விழுந்த பிறகு போய் அணைத்தேன். அண்ணி இன்றைக்கு உயிரோடு இருப்பது என்னால்தான், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அழவில்லையா என்கிறீர்கள். அழாமல் இருப்பேனா, சார்? மூன்று நாள் சோறு இறங்கவில்லை. அவரைப் போல ஓர் அண்ணன் யாருக்குக் கிடைப்பார்?

இந்தக் கல்யாணம் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். உங்களுக்கு லேசாகச் சொல்லிவிட முடிகிறது. அண்ணன் முகத்தைப் பார்த்து அதை எப்படிச் சொல்வது, சார்? அவர் மனசு நொந்துபோயிருக்கும்.