மேசையைத் தாறன், ஒரு வாக்குத் தாங்கோ

தலைமை தாங்கும் தியாகராசா ஐயா அவர்களே! முன்வரிசையை நிறைத்திருக்கும் மூத்தோரே! மடியில் மழலையோடு வந்த தாய்மாரே! தமிழ் விளங்காவிட்டாலும் என் மனிசனுக்காக வந்திருக்கும் சிங்களச் சகோதரரே! கொட்டாஞ்சேனையில் பஸ் ஏறி இந்த வெள்ளவத்தை மண்டபத்துக்கு வந்த என் அயலட்டைச் சனமே! மேசைப்பந்துச் சம்பியன் கிஷாந்தின் மனிசி சுதர்சினி நான், எல்லாரையும் கைகூப்பி வணங்குறன்.

இவர் கண்மூடி ஒரு வருசம். இவ்வளவு நேரமும் இவருடைய பதக்கங்களைப் பற்றிக் கதைத்தீங்கள். படிப்புக் குறைந்தவள் நான். பதக்கத்தைப் பற்றிக் கதைக்கத் தெரியாது. இவர் எப்படித் தனித்துப்போனார் எண்டு தெரியும். அதைச் சொல்லட்டோ?

விபத்தில் கால் இரண்டும் ஏலாமல் போன பிறகு, சக்கர நாற்காலியில் பழையபடி மேசைப்பந்துக் கிளப்புக்குப் போனார். போனவருக்கு என்ன கிடைத்தது? பூப்போலப் பந்து! கைக்கு நேரே, காற்றுக்கும் நோகாமல்!

"நானா, ஏன் எனக்குப் பிச்சை போடுறீங்கள்?" எண்டு கூட விளையாடின ஹபீஸ் நானாவைக் கேட்டார்.

"அடிச்சு வென்டா எனக்கென்ன பேரு மச்சான்? தோத்தா எனக்கென்ன முகம்?" எண்டார் அவர்.

தலையைக் குனியாதீங்கோ நானா. நீங்கள் ஒருத்தர்தான் உண்மை சொன்னீங்கள். மற்ற ஆக்கள் நேரமாச்சு எண்டு போனவை.

வெளிநாட்டில் சக்கர நாற்காலிப் போட்டியில் வென்று வந்தால் விமான நிலையத்தில் மாலை. வீட்டுக்கு வந்தால்? விளையாட ஆளில்லை! வீட்டு மேசையின் மறுபாதியைச் சுவர்போல நிமிர்த்திவிட்டு, அந்தப் பலகையோடு விளையாடினார். ஒருநாள் நான் அந்தப் பாதியை இறக்கிவிட்டு மட்டையைத் தூக்கினன். நானும் முதலில் பூப்போலத்தான் போட்டன்.

"சுதா, நீயுமோ?" எண்டார்.

அந்த ஒரு சொல்! பிறகு சக்கரம் எட்டாத மூலையாய்ப் பார்த்து அடித்தன். "கல்நெஞ்சுக்காரி, கால் ஏலாத மனிசன இப்பிடியா வதைக்கிற?" எண்டு பக்கத்து வீட்டு ருக்கியா ராத்தா யன்னலால் ஏசினா. சிரியுங்கோ, சிரியுங்கோ! இவரும் அப்படித்தான் சிரித்தார். என் பந்து அவருக்குத் தப்பினால் அவ்வளவு சந்தோசம்.

இப்ப நான் பந்தை அடிக்கிறன். அது அங்கால விழுந்து, உருண்டு, சுவரோரம் போய் நிக்குது. நானே சுத்திப்போய் எடுத்துக்கொண்டு வாறன். இதுக்குப் பேர் விளையாட்டோ?

அந்த மேசையைக் கேட்டீங்கள் ஐயா. கிளப்பில் கண்ணாடிக் கூண்டுக்குள் படத்தோடு, மாலையோடு வைக்கப்போறம் எண்டீங்கள். மேசைக்கு எதுக்கு மாலை? மேசைக்கு வேண்டியது அடி! சக்கர நாற்காலியில் ஒரு பிள்ளை வந்தால், அங்கால ஆள் நிக்க வேணும். நிக்கிற ஆள் வெல்ல வேணும் எண்ட வெறியோடு நிக்க வேணும். அந்தப் பிள்ளைக்கு இரக்கம் வேணாம், எதிரி வேணும்!

கை தட்டாதீங்கோ, பதில் சொல்லுங்கோ. என்ன ஐயா, தலையை ஆட்டுறீங்கள்? அது காணாது, மைக்கில் சொல்லுங்கோ.

"ஓம் பிள்ளை, விளையாடத்தான்." கேட்டுதோ தாய்மாரே? நீங்கள்தான் சாட்சி.

அப்படியெண்டால் நாளைக்கு லொறியை அனுப்புங்கோ. காலமை அனுப்புங்கோ ஐயா. பின்னேரம் நாங்கள் விளையாடுற நேரம். அப்ப வந்தால் நான் கதவு திறக்க மாட்டன்.

இருந்து கேட்ட எல்லாருக்கும் நன்றி. போய்ட்டு வாறன், வணக்கம்.