அசலூர்த் தண்ணி

"...நம்ம கடல் தண்ணியே இல்லளா, அசலூர்த் தண்ணி!" திருச்செந்தூர் பஸ்ஸில் முன் சீட்டுக்காரர், நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்த மனைவியிடம் சொன்னார். கடலில் மூழ்கிச் சங்கு குளிக்கிறவர். போன வாரம் நீரோட்டம் அவரை வள்ளத்தை விட்டு வெகுதூரம் இழுத்துப் போய்விட்டதாம்.

"கிழக்க பசிபிக் கடல்ல காத்து மாறுனா, அங்கன உள்ள தீவுகளுக்கு நடுவுல பூந்து இந்தப் பக்கம் வார தண்ணி கூடுமாம், கொறையுமாம். ஒலகம் சூடாவ ஆவ அதுக்கும் நெலையில்லன்னு மீனவர் கூட்டத்துல சொன்னாவ."

"மாசத்தச் சொன்னா நீரோட்டத்தச் சொல்லுவீரே, இப்ப?"

"எங்கிட்டு இழுக்கும்னு எனக்கே தெரியல."

"அப்ப நாளைக்கு எறங்காதேயும்."

"எனக்கென்ன பயமா?"

"எனக்குப் பயம்."

அவர் வள்ளக்காரருக்குப் போன் போட்டார். "அண்ணாச்சி, நாளைக்கு வரல. வீட்டுல அவளுக்குக் காய்ச்சல்" என்று சொல்லிவிட்டு, அவள் உரித்து வைத்திருந்த கடலையை அள்ளி வாயில் போட்டுக்கொண்டார்.