மாமாவின் கழுத்து நரம்பு

பரமட்டா ரயிலில் எனக்கு எதிரே இரண்டு இளம் பெண்கள் இருந்தார்கள். கழுத்தில் ஆஸ்பத்திரி அட்டை போட்டிருந்தவள் சொன்னாள்:

"மாமாவின்ர கழுத்தைப் பார்த்ததும் எனக்குச் சாப்பாடு இறங்கேல்லையடி."

"கழுத்தில என்ன?"

"கதிரையில சாய்ஞ்சு கிரிக்கெட் பார்க்கிறார், கழுத்து நரம்பு காதுவரைக்கும் புடைச்சுத் துடிக்குது. காலைக் காட்டுங்கோ எண்டன். மருமகள் காலைத் தொடக்கூடாதாம்."

"பிறகு?"

"நான் டொக்டர், மாமா எண்டு சொல்லி, வீங்கின காலை விரலால அமத்தினன். விரலை எடுத்தும் பள்ளம் அப்பிடியே நிக்குது. படுத்தா மூச்சு முட்டுதாம், அதுதான் இரவிரவாக் கதிரை. நாங்கள் அவருக்குக் கிரிக்கெட் பைத்தியம் எண்டெல்லோ நினைச்சம்."

"இப்ப?"

"இதயம் பலவீனமாம், உடம்பில தண்ணி தேங்கிட்டுதாம். வார்ட்டில ஊசி போட்டு வடியுது. இண்டைக்குக் கட்டிலில நீட்டிப் படுத்து நித்திரை. மாமி அனுப்பினவ, கேளன்."

போனைத் தோழியின் காதில் வைத்தாள். நல்ல குறட்டை. எனக்கும் கேட்டது.