மர எஞ்சினில் அம்புக்குறி போட்ட, அல்லது போட மறந்த, எங்கள் மேஸ்திரிக்கு

பழைய லாரிகளின் நெஞ்சைத் திறந்து புதிய மூச்சைப் பொருத்தி அனுப்பியவரே! அளந்ததை மறுபடி அளந்து, மறுபடி அளந்ததை மூன்றாம் முறையும் அளக்கச் சொல்லி, எங்கள் பொறுமைக்கும் அளவுநாடா பிடித்தவரே! ஒரு போல்ட் மீந்துபோனால் வண்டியையே திருப்பி அழைத்தவரே! முப்பத்தோர் ஆண்டுகள் எங்களோடு நின்று, இன்று மாலையோடு வீட்டில் உட்காரப்போகும் எங்கள் மேஸ்திரி அவர்களே, வணக்கம்!

தாங்கள் எஞ்சின் மாற்றிய வண்டிகள் எத்தனை என்று சொல்லித் தொடங்குவதுதான் முறை. பதிவேட்டைப் புரட்டி எண்ணினோம். இருநூற்றுப் பன்னிரண்டு வந்தது. இன்னொருவர் எண்ணியபோது இருநூற்றுப் பதினொன்று வந்தது. ஒரு செங்கல் லாரி இரண்டு முறை வந்திருக்கிறது. அதை ஒன்றாக எண்ணுவதா, இரண்டாக எண்ணுவதா என்று அரை நாள் பேசியும் முடிவாகவில்லை. ஆகவே இருநூற்றுக்கு மேல் என்று வைத்துக்கொள்கிறோம்.

அடுத்து தங்கள் குணங்களைச் சொல்ல வேண்டும். பொறுமை என்று தொடங்கினோம், யாரும் மறுக்கவில்லை. நேர்மை என்று அடுத்ததைச் சொன்னதும் ஃபிட்டர் ஒருவர், "அதுல எனக்கு ஒரு சந்தேகம்" என்றார். மற்றவர்களுக்கும் அதே சந்தேகம் இருந்தது. எல்லாம் தங்கள் கடைசி வண்டியால் வந்தது. அதை இந்த அவையில் ஒருமுறை வரிசையாகச் சொல்லிப் பார்த்தால் தெளிவு பிறக்கலாம் என்று நம்புகிறோம்.

வெளியிலிருந்து வந்திருப்பவர்களுக்காக ஒரு விளக்கம். எங்கள் பட்டறையில் நிஜ எஞ்சினை எடுத்தவுடன் வண்டிக்குள் இறக்குவதில்லை. அரை டன்னுக்கு மேல் எடையுள்ள அதைச் சங்கிலியில் தொங்கவிட்டுக்கொண்டு மணிக்கணக்கில் அளவு பார்க்க முடியாது. அதனால் ஒட்டுப்பலகையில் அதே நீளம், அதே அகலம், அதே நான்கு கால்களோடு ஒரு மர எஞ்சினைத் தாங்களே செய்துவைத்தீர்கள். முதலில் அது உள்ளே தொங்கும். அதன் கால்கள் எங்கே வருகின்றனவோ அங்கே வண்டியின் அடிச்சட்டமான சேசிஸில் தாங்கிகள் பொருத்தப்படும். பிறகு மரம் வெளியே போகும், இரும்பு உள்ளே வரும். மர எஞ்சினுக்கு முன்பக்கமும் பின்பக்கமும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருப்பதால், ஒவ்வொரு முறையும் நிஜ எஞ்சினோடு ஒப்பிட்டு, முன்பக்கம் எது என்று சாக்கட்டியால் ஓர் அம்புக்குறி போடுவது தங்கள் வழக்கம்.

கடைசியாக வந்தது ஒரு தண்ணீர் லாரி. அதன் சொந்தக்காரரும் ஓட்டுநரும் ஒருவரே. எங்கள் எல்லோருக்கும் அவர் தண்ணீர் லாரி அக்கா. சனிக்கிழமை மாலைக்குள் வண்டி தயாராக வேண்டும் என்று பேச்சு.

அதே சனிக்கிழமை இன்னொருவருக்கும் கெடு. எங்கள் வெல்டர் சேர்ந்தபோது முதலாளி, "மூணு மாசம் பார்ப்போம்" என்று சொல்லியிருந்தார். அந்த மூன்று மாதம் அன்று முடிகிறது. நாற்பத்து நான்கு வயதில், இரண்டு பெண்பிள்ளைகளை வைத்துக்கொண்டு, முந்தைய பட்டறையில் ஒரு வெல்டிங் ஒட்டு விட்டுப்போனதால் வெளியே அனுப்பப்பட்டு வந்தவர் அவர். காலையில் கிளம்பும்போது அவர் மனைவி ஒன்றும் கேட்பதில்லையாம். மாலையில் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் உலையில் அரிசி போடுவாராம்.

இனி நாள்வாரியாகச் சொல்கிறோம். செவ்வாய்க்கிழமை தாங்கள் சாக்கட்டியோடு மர எஞ்சினிடம் போனதை மூன்று பேர் பார்த்தார்கள். அந்த நேரத்தில் ஓய்வுப் பத்திரங்களில் கையெழுத்துப் போட முதலாளி கூப்பிட்டதை இரண்டு பேர் கேட்டார்கள். அம்புக்குறி போட்டுவிட்டுப் போனீர்களா, போடாமலே போனீர்களா என்பதை யாரும் பார்க்கவில்லை.

புதன்கிழமை மாலை எல்லோரும் போன பிறகு, வெல்டர் மீந்திருந்த சாம்பல் நிறப் பெயின்ட்டை எடுத்து மர எஞ்சினுக்கு இரண்டு கை பூசினார். மேஸ்திரியின் கடைசி வேலை, படம் எடுக்கும்போது அழகாக இருக்கட்டும் என்பதுதான் அவர் எண்ணம். வியாழக்கிழமை காலை அதைப் பார்த்துத் தாங்கள் சிரித்தீர்கள். "என்னப்பா, மாப்பிள்ளை மாதிரி நிக்குது!" என்று சொல்லி, அப்படியே தூக்கி உள்ளே தொங்கவிட்டீர்கள். அன்று மாலைக்குள் நான்கு தாங்கிகளும் பொருத்தியாயிற்று.

வெள்ளிக்கிழமை நிஜ எஞ்சின் இறங்கியது. நான்கு கால்களும் நான்கு தாங்கிகளில் பூப்போல உட்கார்ந்தன. கைதட்டினோம். பிறகுதான் பார்த்தோம். பின்னால் கியர் பெட்டிக்கும் எஞ்சினுக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி. முன்னால் விசிறி ரேடியேட்டரில் முட்டிக்கொண்டு நிற்கிறது.

அளந்தோம். சரியாக இருந்தது. தாங்கள் அளந்தீர்கள். அதுவும் சரியாக இருந்தது. எஞ்சினை வெளியே எடுத்து மரத்தை முன்போலவே மாட்டினோம். முன்னும் பின்னும் மயிரிழை பிசகாமல் பொருந்தியது. மரத்தை எடுத்து இரும்பை இறக்கினோம். நான்கு விரல்! மதியச் சாப்பாடு டப்பாவிலேயே ஆறிப்போனது. எலக்ட்ரீஷியன் அளவுநாடாவைச் சந்தேகப்பட்டு வேறொன்று வாங்கிவரப் போனார்.

தண்ணீர் லாரி அக்கா ஒரு டயர்மேல் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். "ஏங்க மேஸ்திரி, மரந்தான் நல்லா பொருந்துதுன்னா அதையே வெச்சு அனுப்பிடுங்களேன். டீசலாவது மிச்சமாகும்."

"சும்மா இரும்மா, நானே குழம்பிப்போய் நிக்கிறேன்" என்றீர்கள்.

"குழம்புங்க. சனிக்கிழமைக்குள்ள குழம்பி முடிச்சிடுங்க."

வெல்டர் மட்டும் சிரிக்கவில்லை. அவருக்குள் என்ன நடந்தது என்பதைப் பிறகு அவரே தேநீர்க் கடையில் எங்களிடம் சொன்னார். மர எஞ்சினை யாராவது முன்பின்னாகத் திருப்பி மாட்டியிருந்தால் இப்படித்தான் ஆகும் என்று அவருக்கு அந்த நிமிடம் உறைத்தது. முன்காலுக்கும் முன்முனைக்கும் உள்ள தூரம் வேறு, பின்காலுக்கும் பின்முனைக்கும் உள்ள தூரம் வேறு. அம்புக்குறி இருந்திருந்தால் எப்படித் திரும்பும்? அம்புக்குறி எங்கே? தான் பிரஷ்ஷை வைத்த இடத்தில் ஏதோ வெள்ளையாக இருந்ததுபோல அவருக்கு ஒரு ஞாபகம். அது சாக்கட்டிக் கோடா, சுவரிலிருந்து உதிர்ந்த சுண்ணாம்பா? கண்ணை மூடினால் அம்பு தெரிந்தது. திறந்தால் தெரியவில்லை. சொல்லாமல் இருந்தால் ஒருவேளை யாருக்கும் தெரியாது. சொன்னால் நாளைக்கு வேலை இல்லை. நடக்காத ஒன்றைச் சொல்லி வேலையை இழந்தால் அதைவிட மடத்தனம் உண்டா? தாங்கள் மரத்தை மூன்றாம் முறை தூக்கச் சொன்னபோது அவர் வாயைத் திறந்தார்.

"அண்ணே, இத ஒருதரம் திருப்பி மாட்டிப் பாருங்க."

திருப்பினோம். அதே நான்கு விரல் அளவுக்கு மரத்தின் கால்கள் தாங்கிகளை விட்டுத் தள்ளி நின்றன. அப்படியென்றால் வியாழக்கிழமை மரம் முன்பின்னாகத் தொங்கியிருக்கிறது. சரியாக அந்த நேரம் பார்த்து முதலாளி உள்ளே வந்தார்.

"யாரு பண்ணின வேலை இது?"

"நாந்தாங்க" என்றார் வெல்டர். "பெயின்ட் அடிச்சப்ப அம்புக்குறி அழிஞ்சிருக்கும்."

தாங்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அவன் கிடக்கான். அம்புக்குறி இருந்தாத்தானே அழியிறதுக்கு? நான் போடவே இல்ல. கையெழுத்துப் போடக் கூப்பிட்டீங்கல்ல, அப்படியே மறந்துட்டேன்."

"இல்லண்ணே, வெள்ளையா ஏதோ..."

"சாக்கட்டி எங்கையில இருந்துச்சா, உங்கையில இருந்துச்சா?"

"உங்க கையிலதாண்ணே."

"அப்ப பேசாம இரு. தூக்கி மாட்டினதும் நான், மறந்ததும் நான்."

முதலாளி தங்களையும் வெல்டரையும் மாறிமாறிப் பார்த்தார். "இத்தனை வருஷத்துல நீங்க மறந்து நான் பார்த்ததில்லையே" என்றார்.

"அதுக்குத்தானே ஓய்வு குடுக்குறீங்க" என்றீர்கள்.

அதற்குமேல் அவர் கேட்கவில்லை. தாங்கிகளைக் கழற்றி, சரியான இடத்தில் புதிதாகப் பொருத்தினோம். புதிய தாங்கிகளை ஒட்டியவர் வெல்டர். ஒவ்வொன்றையும் தாங்கள் சுத்தியலால் தட்டிப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போனீர்கள். சனிக்கிழமை மாலை வெளிச்சம் இருக்கும்போதே வண்டி உறுமிக்கொண்டு வெளியேறியது. "குழப்பத்துக்கு நன்றி!" என்று அக்கா ஜன்னல் வழியே கையாட்டிவிட்டுப் போனார்.

அதன்பிறகு பெயின்ட்டைச் சுரண்டிப் பார்க்கலாம் என்று ஒருவர் சொன்னார். சாக்கட்டி ஈரப் பெயின்ட்டில் கரைந்து கலந்துவிடும், ஒன்றும் தெரியாது என்று இன்னொருவர் சொன்னார். சுரண்டினோம். ஒன்றும் தெரியவில்லை. தங்களிடமே கேட்டோம். "சொன்னேனே" என்று மட்டும் சொன்னீர்கள்.

அன்பிற்குரிய மேஸ்திரி அவர்களே! இதுவரை சொல்லிப் பார்த்தும் எங்களுக்குத் தெளிவு பிறக்கவில்லை. தாங்கள் முதலாளியிடம் சொன்னது உண்மை என்றால், எங்கள் கண்ணெதிரே தாங்கள் செய்த ஒரே தவறு அது. உண்மை இல்லை என்றால், எங்கள் காதுபடத் தாங்கள் சொன்ன ஒரே பொய் அது. இரண்டில் எதைப் பாராட்டுவது என்று தெரியாமல், எது நடந்திருந்தாலும் சரி என்று இரண்டையும் சேர்த்தே இந்த மடலில் பாராட்டிவிட்டோம். சட்டம் போட்டுத் தங்கள் வீட்டுச் சுவரில் மாட்டிய பிறகு தாங்கள் தனியே வாசித்துச் சிரித்தால், ஏன் சிரித்தீர்கள் என்று இனி நாங்கள் கேட்க மாட்டோம்.

முதுகு வலிக்காமல், முழங்கால் மடங்க, கண் மங்காமல், யாரும் கூப்பிட்டு எழுப்பாத காலைப் பொழுதுகள் பல்லாண்டு தங்களுக்கு வாய்க்கட்டும்! வீட்டில் உள்ளவர்கள் தங்கள் அளவுநாடாவைப் பொறுத்துக்கொள்ளட்டும்!

இப்படிக்கு,
தங்கள் பட்டறைத் தோழர்கள்:
ஃபிட்டர்கள் இருவர்
எலக்ட்ரீஷியன்
பதிவேட்டுப் பொறுப்பாளர்
வெல்டர் (நிரந்தரம்)